முப்பத்தோராம் பக்கம்

செனாயில் நான் வேலை செய்யும் அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகையும் ரசீதுப் புத்தகமும்தான் அதிகம் வரும். கதைப் புத்தகத்துக்கு லேஅவுட் போடும் வாய்ப்பு எனக்கு ஒரே முறைதான் வந்தது. அதையும் கெடுத்திருப்பேன்.

லாபிஸில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற கமலம் டீச்சர், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு மாயக்கதை எழுதியிருந்தார். ஊராரின் நிழல்களைத் திருடும் சூனியக்காரியைத் தேடி ஒரு பெண் காட்டுக்குள் போகிறாள். சூனியக்காரியின் கதவைத் தட்டுகிறாள். திறப்பது, எப்போதோ காணாமல்போன அவளுடைய சொந்த அக்கா.

படங்களோடு நாற்பத்தெட்டுப் பக்கம். டீச்சர் கணினித் திரையில் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவன். மெதுவாகத்தான் படிப்பேன். திரையில் படித்தால் மண்டையில் ஏறாது. அதனால் பிரிண்ட் எடுத்து, மடித்து, ஸ்டேப்பிள் அடித்து, டம்மி என்கிற மாதிரிப் புத்தகம் செய்து படித்தேன். முப்பதாம் பக்கத்தில் பெண் கதவைத் தட்டக் கை தூக்குகிறாள். எதிரே, முப்பத்தோராம் பக்கம் முழுக்க, தங்கையின் அதே முகத்தோடு அக்கா நிற்கிறாள்.

தாளைத் திருப்பாமலே அக்கா தெரிந்துவிடுகிறாள் என்று முதலாளி சலீமிடம் காட்டினேன்.

"டீச்சர் சைன் பண்ணிட்டாங்க இல்ல? விடுலா குமாரு. நாளைக்கு அச்சுக்கு பிளேட் போடணும்."

முன்னால் ஒரு பக்கத்தை எடுத்தால் போதும். எல்லாம் ஒரு பக்கம் நகர்ந்து, அக்கா தாளின் மறுபுறம் போய்விடுவாள். ஆனால் எடுக்கக்கூடிய பக்கம் ஒன்றுதான்: டீச்சர் பட்டுச்சேலை கட்டி, ஸ்டூடியோவில் எடுத்த படம் இருந்த 'என்னுரை'. நம் ஊரில் எழுதியவர் படம் முன்னால் இல்லாத புத்தகம் ஏது?

போனில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. காலையில் ஒருமுறை வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

வந்தவரிடம் டம்மியைக் கொடுத்தேன். தன் படத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். முப்பதில் கை நின்றது.

"என்னாப்பா இது, கதவ தட்டறதுக்குள்ள இவ வந்து நிக்கறா?"

அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு மடித்த இரண்டாவது டம்மியை நீட்டினேன். முதலிலிருந்து படித்தார். தட்டும் இடத்தில் தாளைத் திருப்பியவர், "ஹா" என்றார். எழுதியவரே. பிறகு முன்பக்கம் போய்த் தேடினார்.

"என் படம் எங்க?"

"கடைசிப் பக்கம் காலியா இருக்கு டீச்சர்."

"பின்னால போட்டா யாருப்பா பாப்பாங்க?"

 அவர் மறுபடி அந்தத் தாளைத் திருப்பினார். முன்னும் பின்னுமாக மூன்று தடவை.

"சரி, பின்னாலயே போடு. கதைய முடிச்சவங்க பாக்கட்டும். முடிக்காதவங்களுக்கு என் மூஞ்சி எதுக்கு?"

சலீம் சிரித்துக்கொண்டே பிளேட்டை மத்தியானத்துக்குத் தள்ளி வைத்தார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். திரையில் பக்கம் தெரியும், திருப்புவது தெரியாது. இப்போதெல்லாம் கல்யாணப் பத்திரிகையைக்கூட மடித்துக் கையில் கொடுத்த பிறகுதான் கையெழுத்து வாங்குகிறேன்.