சோலைக்குள் நுழையாத ஆபீசர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கொடைக்கானல் பஜாரில் கடை வைத்திருப்பவனுக்கு அது ஆகாத குணம். ஆனால் அந்தச் சோலை விஷயத்தில் யார்மேல் கோபப்படுவது என்றே இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

நான் பூண்டு கொள்முதல் செய்துவந்த மேல்மலைக் கிராமத்துக்கு மேலே, இரண்டு மேடுகளுக்கு நடுவில் அந்தச் சோலைக்காடு இருந்தது. ஊர் வயலுக்கெல்லாம் தண்ணீர் அங்கேதான் ஊறியது. அதன் அடியில் அலுமினியம் எடுக்கிற மண் இருக்கிறது, வெட்டப்போகிறோம் என்று ஒரு கம்பெனி சர்க்காரிடம் அனுமதி கேட்டிருந்தது. "ஒங்க கடைச் சட்டிக்குத்தான் எங்க மலைய நோண்டப் போறாக ராவுத்தரே" என்று ஊரில் கிண்டல் செய்தார்கள். அலுமினியச் சட்டி விற்றவன் நான்தான். ஆனால் சோலை போனால் தண்ணீர் போகும், தண்ணீர் போனால் ஊரே போகும். அதில் கிண்டலுக்கு இடமில்லை.

ஊர்த் தலைவரான மன்னாடியும் நானும் எங்கள் சட்டசபை உறுப்பினரைத் தேடி அலைந்தோம். ஓட்டுக் கேட்க மலையேறி வந்தவர்தான். ஜெயித்த பிறகு திண்டுக்கல்லில் தேடினால் மதுரை என்பார்கள், மதுரைக்குப் போனால் மதராஸ் ரயில் ஏறிவிட்டார் என்பார்கள். ஒருவழியாகப் பிடித்து மனுவைக் கையில் கொடுத்தோம். சும்மா சொல்லக்கூடாது, சபையில் எழுந்து கேள்வி கேட்டார். ஓர் அதிகாரியை அனுப்பிப் பார்த்துவரச் சொல்கிறோம் என்றார் மந்திரி. ஊற்றுள்ள காடு என்று அந்த அதிகாரி எழுதிவிட்டால் கம்பெனிக்கு அனுமதி கிடையாது. எனக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

ஆபீசர் குதிரையில் வந்தார். முழங்கால் வரை பூட்ஸ். மழை அப்போதுதான் விட்டிருந்தது. சோலை வாசலில் மன்னாடி கைகூப்பி நின்றார்.

"சாமி இருக்கிற எடமுங்க. செருப்பக் கழட்டிட்டு வாங்க."

ஆபீசர் கீழே பார்த்தார். சருகெல்லாம் அட்டை நெளிந்துகொண்டிருந்தது.

"இதுக்குள்ள வெறுங்காலோடயா? வேற வழி இல்லையா?"

"இல்லீங்க. ராசாவே வந்தாலும் அப்படித்தாங்க."

நான் குறுக்கே புகுந்தேன். "பொயிலையும் சுண்ணாம்பும் கொழச்சுத் தாரேங்க. காலுல தடவிக்கிட்டா ஒரு அட்டை அண்டாது." அவர் பார்த்த பார்வையில் நானே ஓர் அட்டையாகிவிட்டேன்.

மன்னாடியைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன். "இன்னைக்கு ஒரு நாளைக்கு விட்டுக்குடுங்க மன்னாடியாரே. அவரு பாத்தாத்தான் சோலை நிக்கும்."

"ஒங்க பள்ளிவாசலுக்குள்ள அவரப் பூட்ஸோட விடுவீகளா?" என்றார் அவர். "இன்னைக்குப் பூட்ஸ விட்டுட்டா, நாளைக்கு மம்பட்டியோட வாரவன என்ன சொல்லி நிப்பாட்ட?"

எனக்கு எரிச்சலாக வந்தது. நியாயம் முழுக்க அவர் பக்கம் இருந்தது. சோலையோ ஆபீசரின் பேனா முனையில் இருந்தது.

ஆபீசர் பக்கத்து மேட்டில் ஏறிச் சுற்றிப் பார்த்தார். பள்ளத்துக்குள் கிடக்கிற சோலை அங்கிருந்து தெரியாது. ஊர் சமைத்துப் போட்ட கோழிக்குழம்பை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். புல்லும் புதரும்தான் கண்டேன், ஊற்று எதையும் பார்க்கவில்லை, ஊரார் உள்ளே விடவில்லை என்று எழுதினார். வாசலில் நின்று வாதாடியவர் கண்ணில் அத்தனை பெரிய மரங்கள் படாமலா இருந்திருக்கும்? ஆனால் ஊற்றைப் பார்க்கவில்லை என்பது சத்தியமான வார்த்தை. அதை எங்கே போய் மறுப்பது?

மறுபடியும் உறுப்பினர் வீட்டுக்கு ஓடினேன். "ஊர்க்காரங்களே உள்ள விடலன்னு மந்திரி சபையில வாசிக்கிறாரு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் திரும்பக் கேப்பேன்?" என்றார். விடாமல் நடந்தேன். இன்னொரு ஆளை அனுப்பச் சொல்லிப் பார்க்கிறேன் என்கிற அளவுக்கு அவர் இறங்கி வந்த சமயத்தில் யுத்தம் வந்தது. நம்மைக் கேட்காமல் வெள்ளைக்காரன் யுத்தத்தில் இழுத்துவிட்டான் என்று மந்திரிசபை ராஜினாமா செய்தது. கேள்வி கேட்கச் சபையே இல்லை. ஆகாய விமானத்துக்கு அலுமினியம் வேண்டுமாம். கம்பெனிக்கு வெரசாக அனுமதி கிடைத்தது.

வேலை தொடங்கிய அன்று பூண்டுக்காகப் போயிருந்தேன். கம்பெனி மேனேஜர் மரியாதை தெரிந்தவர். ஆபீசர் எழுதியதைப் படித்திருந்தார். சோலைக்கு வெளியே பூட்ஸோடு நின்றுகொண்டு, "உங்க வழக்கம் எனக்குத் தெரியும். நான் உள்ள வரமாட்டேன்" என்றார்.

உள்ளே போனவர்கள், பேத்துப்பாறைப் பக்கமிருந்து கம்பெனி கூட்டிவந்த கூலிக்காரர்கள். தோளில் மம்பட்டி. ஒருவர் காலிலும் செருப்பு இல்லை. வாங்க அவர்களுக்கு என்றைக்கு முடிந்தது? வாசலில் நின்று சாமியைக் கும்பிட்டுவிட்டு உள்ளே நடந்தார்கள்.

மன்னாடி அவர்களுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏதாச்சும் சொல்லுங்க" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"என்னத்தச் சொல்ல, ராவுத்தரே?"

சாயங்காலம் ஓடையில் தண்ணீர் செக்கச்செவேலென்று வந்தது. குடத்தோடு வந்த பெண்கள், தெளியட்டும் என்று கரையில் உட்கார்ந்தார்கள். இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார்கள்.