மினுங்காத கறுப்பு

பெயின்டரக்கா அடித்த சுவரில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்பார்கள். அந்தப் பேச்சு தந்த தைரியத்தில்தான் ஒரு தடவை பெரிய தப்புச் செய்தாள்.

மகளுக்கு அப்போது இரண்டு வயது. பிறவியிலேயே பார்வை மங்கல். கருவிழிகள் ஓரிடத்தில் நில்லாமல் இடமும் வலமுமாக அசைந்துகொண்டே இருக்கும். பிள்ளைக்குச் சரியாகத் தெரியவில்லை, வெளிச்சத்தைக் கூட்டினால் போயிற்று என்று நினைத்தாள். இருந்த ஒற்றை அறைக்குப் பட்டி பூசி வழவழப்பாக்கி, பளபளக்கும் வெள்ளை எனாமல் இரண்டு கோட் அடித்தாள். குழந்தை கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. சாப்பிடக்கூட வெளியே வரவில்லை.

"வெளிச்சம் இவளுக்கு ஊசிம்மா," என்றார் கண் டாக்டரம்மா. "அது சுவர்ல பட்டுத் திரும்பி முகத்துல அடிக்காம பாத்துக்கங்க. முதுகுப் பக்கமிருந்து வரட்டும்."

வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாளை எடுத்துச் சுவரைத் தேய்க்க ஆரம்பித்தாள். அவள் கையால் அடித்ததிலேயே அந்த வெள்ளைதான் உருப்படியான வேலை. லாரி ஓட்டிவிட்டு வந்த கணவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"கிறுக்கா உனக்கு? இது மேலயே வேற கலர் அடிக்க வேண்டியதுதானே?"

"வழவழப்பு மேல பெயின்ட் பிடிக்காது. வாயைப் பாக்காம ஒரு தாளை எடு."

மினுமினுப்பே இல்லாத சாம்பல் நிறம் அடித்தார்கள். மூன்றாம் நாள் குழந்தை கட்டிலடியிலிருந்து வந்து சுவரைத் தடவிப் பார்த்தது. அன்றிலிருந்து பெயின்டரக்காவின் கண்ணுக்கு உலகத்தில் பளபளப்பது எல்லாம் எதிரி. எவர்சில்வர் தட்டு பரணுக்குப் போனது. அகலமான விளிம்பு வைத்த தொப்பி ஒன்றைத் தானே தைத்தாள். மகளுக்குத் தொப்பிக்காரி என்றே பெயர் வந்தது. மாடிப்படி ஒவ்வொன்றின் விளிம்பிலும் கறுப்புக் கோடு இழுத்தாள். யாரைக் கேட்டு அடித்தாய் என்று குதித்த வீட்டுக்காரர், ஒரு சாயங்காலம் கரண்ட் போனபோது அந்தக் கோட்டைப் பார்த்தே இறங்கினார். சாம்பல் சுவரில் முழ உயரத்துக்கு எழுத்துகளை எழுதி, அழித்து, எழுதிப் படிக்கவும் கற்றுக்கொடுத்தாள்.

ஐந்து வயதில் தெருக்கோடிப் பள்ளியில் சேர்த்தார்கள். மூன்றாவது வாரமே டீச்சர் கூப்பிட்டனுப்பினாள்.

"உங்க பொண்ணு போர்டையே பாக்க மாட்டேங்குறா. கண்ணை மூடிக்கிறா, இல்லேன்னா தலையைத் திருப்பிக்கிறா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல, பார்வை இல்லாத பிள்ளைங்க பள்ளிக்கூடந்தான். அங்க விடுதியில இருக்கணும். மாசம் ஒரு தடவை போய்ப் பாத்துக்கலாம்."

மாசம் ஒரு தடவை. பெயின்டரக்காவுக்குச் சூடான ஒரு சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் டீச்சர் சொன்னாள்: "நானும் என்னதான் செய்யறது? முதல் பெஞ்சுல, பக்கத்து ஜன்னலைப் பாத்தாப்புல சாய்ச்சுப் போட்டு, நல்ல வெளிச்சத்துலதான் உக்கார வெச்சிருக்கேன்."

கோபம் அப்படியே வடிந்தது. "நான் அவ இடத்துல கொஞ்சம் உக்காந்து பாக்கட்டுமா, டீச்சர்?"

முழங்காலை மடக்கிக் குட்டி பெஞ்சில் நுழைந்தாள். தலையை மகள் உயரத்துக்குத் தாழ்த்தினாள். ஜன்னல் வெயில் கண்ணில் குத்தியது. எதிரே கரும்பலகை தெரியவில்லை. தகதகவென்று வெள்ளைத் தகடு ஒன்றுதான் இருந்தது. எழுந்துபோய்க் கட்டைவிரலால் தேய்த்தாள். விரல் வழுக்கியது.

"இதை யாரு அடிச்சது?"

"நான்தாம்மா," என்றார் வாசலில் நின்ற வாட்ச்மேன். "பள்ளிக்கூட கேட்டுக்கு வாங்கின கறுப்பு பெயின்ட் மிச்சம் கிடந்துச்சு. எப்படி, கண்ணாடி மாதிரி இல்ல?"

"கண்ணாடியேதாண்ணே. நானும் ஒருக்கா இப்படித்தான் அடிச்சேன்."

"அதான் சாக்பீஸ் வழுக்குதா!" என்றாள் டீச்சர்.

புதன் சாயங்காலம், பிள்ளைகள் போனபின், கணவனும் மனைவியும் பலகையைத் தேய்த்து முதல் கோட் அடித்தார்கள். வியாழன் சாயங்காலம் இரண்டாவது. மினுங்காத மேட் கறுப்பு. பெஞ்சையும் ஜன்னலோரமாக நகர்த்தி, அதற்கு முதுகு காட்டிப் பலகையைப் பார்க்கச் சாய்வாகத் திருப்பிப் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பெயின்டரக்கா வேலைக்குப் போகாமல் வகுப்பு வாசலில் நின்றாள். டீச்சர் பலகையில் ஒரு சொல் எழுதிவிட்டுத் திரும்பினாள். தொப்பிக்காரி தலையை இடதுபக்கம் திருப்பினாள்.

"பாருங்க, திருப்பிக்கிறா."

"இல்ல டீச்சர். அப்படிச் சாய்ச்சாத்தான் அவ கண்ணு ஆடாம நிக்கும். கொஞ்சம் பொறுங்க."

வகுப்பே பொறுத்தது.

"ப," என்றாள் தொப்பிக்காரி. "ட. அப்புறம்..." கழுத்தை இன்னும் கொஞ்சம் வளைத்தாள். "கடைசி எழுத்தைப் போய்ப் பொடிசா எழுதிட்டீங்களே டீச்சர். பெருசா எழுதுங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. அழித்துவிட்டு, கையை எட்டும் மட்டும் உயர்த்தி எழுதினாள்.

"படம்!"

டீச்சர் வாசலுக்கு வந்தாள். "திங்கக்கிழமை தடிச்ச பென்சிலா ஒண்ணு குடுத்தனுப்புங்க. நல்லா கறுப்பா எழுதறது."

பெயின்டரக்கா வெளியே வரும்போது வாட்ச்மேன் ரகசியமாகக் கேட்டார்: "ஏம்மா, போர்டு இப்படி மங்கலாப் போச்சே?"

"ஆமாண்ணே," என்றாள், பெருமையாக.