கயிற்றின் மேல் உட்கார்ந்த ஆண்டு விழா

எங்கள் பாலக்காட்டு ஹைஸ்கூல் ஓலைக் கொட்டகையாக இருந்தபோது என் அப்பா படித்தார். ஓடு வேய்ந்த பிறகு நான். மாடி எழும்பிய பிறகு என் மகன்.

ஆண்டு விழாவில் அங்கே ஒரு வழக்கம். பழைய மாணவர்களும் படிக்கிற பையன்களும் கயிறு இழுப்பார்கள். தோற்றவர்கள் மைதானத்தில் கிடக்கும் பெஞ்சுகளையெல்லாம் சுமந்து வகுப்புகளில் போட வேண்டும். அந்த வருஷம் பையன்கள் பக்கத்தில் கடைசி ஆள் என் மகன். எங்கள் பக்கத்தில், தொப்பையின் தகுதியால், நான்.

"இடுப்புப் புடிச்சுக்குமுங்கப்பா. பேசாம வேடிக்கை பாருங்க" என்றான் காலையில்.

"பெஞ்சு சொமக்கத் தெம்பு வெச்சுக்கடா" என்றேன் வீறாப்பாக. எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறையிலிருந்து வண்டி டவுன் வந்து சேர்வதற்குள் வேட்டியை இறுக்கி இறுக்கி எனக்கே மூச்சு முட்டியது.

கயிறு விறைத்தது. எனக்கு முன்னால் நின்றவர் கல்பாத்தி வக்கீல், என் பழைய பெஞ்சுத் தோழர். "விட்டுடாதேடா, என் மானம் உன் தொப்பையிலன்னா இருக்கு" என்றார். மைதானமே அலறியது. கயிறு எங்கள் பக்கம் வந்தது; இன்னும் ஒரு முழம்தான். அப்போது பார்த்துக் காலடியில் மண் சறுக்கியது. எனக்குப் புத்தி கலங்க, உடம்பு தோட்டத்துக் கிணற்றடிக்கே போய்விட்டது. கவலையில் தண்ணீர் இறைக்கையில், பூட்டிய எருதுகள் சரிவில் இறங்கும்போது, ஓட்டுகிறவன் வடத்தின் மேல் உட்கார்ந்து தன் கனத்தையும் சேர்ப்பான். நானும் கயிற்றின் மேல் ஜம்மென்று உட்கார்ந்தேன். போதாக்குறைக்கு "ஹை, ஹை" என்று வக்கீலை ஓட்டவும் செய்தேன். முன்னால் நின்ற பழைய மாணவர்கள் எல்லாரும் வரிசையாக என் மேல் சரிந்தார்கள்.

டிரில் மாஸ்டர் விசில் ஊதினார். "உட்கார்ந்தா ஃபவுல். பையன்கள் ஜெயிச்சாச்சு."

மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்த வக்கீல் விடவில்லை. "ஒக்காரப்படாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு சார்?"

"அதைக் கோர்ட்ல கேட்டுக்கும். இப்போ பெஞ்சைத் தூக்கும்."

ஒரு முனையை அவரும் மறு முனையை நானும் தூக்கினோம். பின்னாலேயே பையன்கள் கூட்டமாக "ஹை, ஹை" என்று எங்களை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அதில் உரத்த குரல் என் மகனுடையது. வக்கீல் முறைத்துக்கொண்டு நின்று நின்று வந்தார். நான்தான், நல்ல எருதாக, கொஞ்சம் எட்டி நடை போட்டேன்.