கட்டம் போட்ட வரி

அந்த வாரம் முழுக்க உத்திராபதிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. திங்கட்கிழமை அரியலூர் சிமெண்ட் ஆலையில் ஸ்டோர் கிளார்க்காகச் சேர வேண்டும். நிரந்தர வேலை. உத்தரவு வந்த அன்று மாமனார் வீட்டில் கிடா வெட்டாத குறைதான். இன்னொரு பக்கம் கோயமுத்தூர் இன்ஜின் கம்பெனி ஒன்று கூப்பிட்டிருந்தது. இன்ஜினோடு கொடுக்கிற விளக்க நோட்டீசைத் தமிழில் எழுத ஆள் வேண்டுமாம். ஒரு வருஷம் பார்ப்பார்களாம், பிறகு சொல்வார்களாம்.

"எழுதுறதெல்லாம் ஒரு வேலையா?" என்றாள் மனைவி மலர்கொடி. பாதி கேலி, மீதி பயம். "எம் புருஷன் நோட்டீஸ் எழுதுறாருன்னா சினிமாக் கொட்டாய்லன்னு நெனப்பாங்க."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. 1981-ல் பெரம்பலூர் பக்கம் இப்படி ஒரு பிழைப்பு இருப்பதே யாருக்கும் தெரியாது. பம்புசெட் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த உத்திராபதிக்கும் தெரியாதுதான், மச்சான் தங்கசாமி இன்ஜின் வாங்கும் வரை.

தங்கசாமி மலர்கொடியின் அண்ணன். செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் போட்டிருந்தார். ஆயில் இன்ஜினை இறக்கி வைத்த அன்றே ஓட்டிப் பார்த்துவிட அவருக்கு அவசரம். இந்தப் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. படிக்கத் தெரிந்தவர் நோட்டீசைச் சத்தம் போட்டுப் படிப்பார், இன்னொருவர் கேட்கக் கேட்கச் செய்வார். அன்று உத்திராபதி படித்தான். "ஹேண்டிலை வேகமாகச் சுற்றவும்" என்றதும் தங்கசாமி சுற்றினார். கட்டைவிரலால் ஹேண்டிலை வளைத்துப் பிடிக்கலாகாது என்ற எச்சரிக்கை அடுத்த பக்கத்தின் அடியில் இருந்தது. இவன் அதை எட்டுவதற்குள் இன்ஜின் பின்னால் உதைத்து, ஹேண்டில் திரும்பி அடித்து, அவர் கட்டைவிரல் முறிந்துவிட்டது.

கட்டுப் போட்டும் அந்த விரல் மறுபடி மடங்கவில்லை. மச்சான் சோறு பிசைய உட்கார்ந்தால் உத்திராபதி எழுந்து வெளியே போய்விடுவான்.

"நீ என்ன மாப்ள பண்ணுவ? இருந்ததத்தான படிச்ச" என்பார் அவர். அந்தச் சமாதானம்தான் அவனை அறுத்தது. இருந்ததைத்தான் படித்தான். இப்படி எழுதி வைத்த புண்ணியவான் எங்கே? எங்கோ மின்விசிறிக்குக் கீழே எழுதி முடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான்! ஆத்திரம் தாங்காமல் மெக்கானிக்குகளிடம் கேட்டுக் கேட்டு நோட்டீஸ் முழுவதையும் திருப்பி எழுதினான். விரலைப் பற்றிய வரியை ஹேண்டிலுக்கு முன்னால் கொண்டுவந்தான். கம்பெனிக்கு அனுப்பினான். வசவு வருமென்று பார்த்தால் அச்சடித்த புது நோட்டீஸ் வந்தது. விரல் வரி சிவப்புக் கட்டத்துக்குள் பளிச்சென்று இருந்தது. கூடவே வேலைக்கு அழைப்பு.

சனிக்கிழமை மனசு கேட்கவில்லை. அவன் கடையிலிருந்து வேப்பந்தட்டைக்கு, அந்தப் புது நோட்டீசோடு இன்ஜின் ஒன்று போயிருந்தது. எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்க்க பஸ் ஏறிவிட்டான்.

கிணற்றடியில் அரியமுத்து என்பவர் ஹேண்டிலோடு நின்றார். அவர் மனைவி ரெங்கம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். உத்திராபதி வழிப்போக்கனைப் போல ஒதுங்கி நின்றான். டீசல் ஊற்றும் வரி வந்தது. எண்ணெய் பார்க்கும் வரி வந்தது. அடுத்தது கட்டம். ரெங்கம்மாள் அதைத் தாண்டிவிட்டாள்.

"ஹேண்டிலை மாட்டி வேகமாக..."

"நிறுத்துங்க! வெரல எடுங்க!"

அரியமுத்து பதறி ஹேண்டிலைக் கீழே போட்டார்.

"யாருங்க நீங்க, இப்புடிக் கத்துறீங்க?" என்றாள் ரெங்கம்மாள்.

"கட்டத்துக்குள்ள இருக்குறத நீங்க படிக்கலீங்க."

"அது வெளம்பரம்னு விட்டுட்டேன். செவப்பா கட்டம் போட்டிருந்தா சோப்பு, பல்பொடின்னுதான இருக்கும்?"

"அத எழுதுனது நாந்தாங்க."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்ல கூத்துங்க. இன்ஜின் வாங்குற ஊருக்கெல்லாம் நீங்களே வந்து நின்னு கத்துவீங்களா?"

அரியமுத்து சிரித்துவிட்டார். உத்திராபதிக்குச் சிரிப்பு வரவில்லை. கொடுத்த மோரைப் பாதி குடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான். கட்டம் வேண்டாம், சிவப்பும் வேண்டாம், மற்ற வரிகளோடு வரியாக, படிக்கிறவர் தாண்ட முடியாதபடி வர வேண்டும். வழி நெடுக வாய்க்குள் எழுதி எழுதி அழித்தான். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

வீட்டில் தங்கசாமி வந்திருந்தார். ஆலைக்குப் போட்டுப் போக வெள்ளைச் சட்டை வாங்கி வந்திருந்தார்.

"மச்சான், நான் கோயமுத்தூர் போறேன்."

மலர்கொடி கையிலிருந்த செம்பை டொக்கென்று வைத்தாள். "ஒரு வருஷம் கழிச்சு வேணாம்னுட்டா?"

"தெரியல. பயமாத்தான் இருக்கு. ஆனா அங்க போனா அந்த வரிய எப்புடி அச்சடிக்கணும்னு பக்கத்துல இருந்து சொல்லலாம். இங்கேருந்தா சொல்ல முடியாது."

தங்கசாமி வெறுங்கையை முன்னால் நீட்டினார். "எங்க, அந்த வரியப் படி."

"கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வையுங்கள். பிறகு ஹேண்டிலைப் பிடியுங்கள்."

நாலு விரல்களும் மடங்கின. கட்டைவிரல் விறைத்து நின்றது.

"எனக்கு இனிமே தேவையில்ல மாப்ள" என்றார் தங்கசாமி. "மத்தவனுக்கு எழுது."

மலர்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த வெள்ளைச் சட்டையை மடித்து உத்திராபதியின் பயணப் பையில் வைத்தாள்.