பெரட்டில் பதில் சொன்னவள்

"உங்களுக்குப் பேய்னா பயமே கிடையாதா, பெரியம்மா?"

பக்கத்து வீட்டு ரோசி ஒருநாள் இப்படிக் கேட்டாள். சந்தனம் கிழவி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "உசுரோட இருக்கும்போதே ஒரு கூடைக் கொழுந்து உருப்படியா எடுக்கத் துப்பில்லாததுக. செத்த பிறகு மட்டும் என்னத்தக் கிழிச்சிரும்?"

இது கட்டுக்கதை இல்லை. ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், 1931ஆம் வருடம், ஆடி மாதம் முதல் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று காலைகளில் நடந்தது. அந்தக் குரலைக் கேட்டவர்கள் நாற்பது பேர். நம்பாதவர்கள் அவர்களிடமே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

கிழவிக்கு வயது ஐம்பத்துநாலு. அவளுக்கு யாரையும் பிடிக்காது. கங்காணி பெரியமுத்து, துரை கழித்துப் போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு திரிவான். கோட்டுக் கை முழங்கால் வரை தொங்கும். "கோட்டு நடக்குது, ஆளைக் காணோம்" என்பாள். ரோசி சோற்றுக்கு முன்னால் கண்ணை மூடி ஜெபித்தால், "கண்ணத் தொறட்டி, கருவாட்டப் பூனை தூக்கிட்டுப் போகுது" என்பாள். லயத்து வரிசை வீடுகளில் பெண்கள் ஊர் நினைப்பில் மூக்கைச் சிந்துவதைப் பார்த்தால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். அப்படி ஊரில் என்ன வைத்துவிட்டு வந்தார்கள்? ஒரு வேளைக் கஞ்சி இருந்ததா?

அழுகிறவர்களைக் கண்டால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது.

பத்து வயதில் கம்பத்திலிருந்து அத்தையோடு கால்நடையாக மலையேறி வந்தவள் அவள். அப்போது அவள் பேர் சுருளியம்மாள். கங்காணியின் பட்டியலில் அந்தப் பேர் கிடையாது. அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒட்டி வந்த பிள்ளை. பட்டியலில் இருந்தவள் இன்னொரு சிறுமி, சந்தனம். தாய் தகப்பன் இல்லாதவள். குமுளி ஏற்றத்தில் அந்தப் பிள்ளைக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஒரு வளைவில், பாறை ஓரமாக உட்கார வைத்தார்கள். பின்னால் வரும் கூட்டம் தூக்கி வரும் என்றார்கள். பின்னால் கூட்டம் எதுவும் வரவில்லை.

அந்தக் காலத்துக் கங்காணி சுருளியின் தோளைப் பிடித்தான். "பேர் இருந்து ஆள் இல்லேன்னா துரை என் தோலை உரிச்சிருவான். ஏட்டி, இனி நீதான் சந்தனம். கூப்பிட்டா இருக்கேன்னு சொல்லு."

வளைவு மறையும் வரை அந்தப் பிள்ளை "சுருளி... சுருளி..." என்று அழுதுகொண்டே கூப்பிட்டது. இவள் திரும்பவில்லை. நடக்கத் தெம்பில்லாதவளுக்கு மலை என்ன வேண்டிக் கிடக்கு என்றுதான் நினைத்தாள். நாற்பத்துநாலு வருடம் கழித்தும் அதையேதான் நினைத்தாள். அத்தையும் அந்தக் கங்காணியும் செத்துப் போனார்கள். சுருளி என்ற பேர் தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது.

தோட்டத்தில் பேர்தான் எல்லாம். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டும். கங்காணி பேர் கூப்பிடுவான். பதில் சொன்னால் அன்றைக்குப் 'பேர்' விழும், வேலை உண்டு. பேர் இல்லாத ஆள் லயத்தில் ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது. கிழவிக்கு அந்த ஒற்றை அறையை விட்டால் போக்கிடம் கிடையாது.

செவ்வாய். காலை ஆறு பத்து. மூடுபனியில் முன்னால் நிற்பவரின் முதுகு தெரியவில்லை.

"சந்தனம்!"

அவள் வாயைத் திறக்கும் முன்...

"இருக்கேன்."

பின்னாலிருந்து வந்தது. சின்னக் குரல்.

"என்ன கெழவி, தொண்டைக்கு மட்டும் பத்து வயசாகுது?" என்றான் பெரியமுத்து. களமே சிரித்தது. எந்த வீட்டுக் கழுதையோ விளையாடுகிறது என்று கிழவி பல்லைக் கடித்தாள்.

புதன். ஆறு பன்னிரண்டு. வேண்டுமென்றே கடைசி வரிசையில் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் தேயிலைச் செடிகள் மட்டும்.

"சந்தனம்!"

"இருக்கேன்."

முதுகுக்கு ஒரு சாண் பின்னால்...

திரும்பினாள். யாரும் இல்லை. செடியெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நடுவில் ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தது. ஒரு பிள்ளை சாய்ந்து நிற்கிற அகலம்.

"பதில் சொல்ல வாய் இருக்கு, காட்ட மூஞ்சி இல்லையாக்கும்? த்தூ!"

அந்தக் காய்ந்த இடத்திலேயே துப்பினாள்.

வியாழன். ஆறு எட்டு. இன்றைக்கு முந்திக்கொள்வது என்று வந்திருந்தாள்.

"சந்த..."

"இருக்கேன்! இருக்கேன்!"

தொண்டை கிழியக் கத்தினாள். பெரியமுத்து நிமிரவில்லை. பக்கத்தில் நின்ற ரோசிகூடத் திரும்பவில்லை.

"சந்தனம்!"

"இருக்கேன்."

சர்க்... பென்சில் கோடு போட்டது.

"ஏலே பெரியமுத்து! நாந்தாண்டா சந்தனம்!"

இப்போது நிமிர்ந்தான். முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"யாரும்மா நீ? எந்தத் தோட்டம்?"



பின்னால்... மெதுவாக...

"சுருளி..."

"ஏன்?"

அந்தப் பேருக்குப் பதில் சொல்லிவிட்டாள்.

திரும்பியும் விட்டாள்.

மணி ஆறு ஒன்பது.

ஞாயிற்றுக்கிழமைதான் விஷயம் வெளியே வந்தது. சந்தனம் வீட்டில் புகை வரவில்லை என்று கதவைத் தள்ளினார்கள். அடுப்புச் சாம்பல் ஆறிப்போய் மூன்று நாளாகியிருந்தது. ஆனால் வெள்ளிக்கும் சனிக்கும் அவளுக்குப் பேர் விழுந்திருக்கிறது. கூப்பிட்டதற்குப் பதில் வந்தது என்று பெரியமுத்து சத்தியம் செய்தான். நாற்பது பேரும் கேட்டிருக்கிறார்கள்.

ரோசியைக் கேட்டார்கள். "பெரியம்மா கொரல் எனக்குப் பின்னால கேட்டுச்சு. வியாழக்கிழமை எம் பக்கத்துல ஒரு கெழவி நின்னா. நம்ம தோட்டத்து ஆளு இல்ல. ஏதோ கத்துற மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடுனா. சத்தம் வரல."

வண்டிக்கார பவுல்ராஜ் மட்டும் ஒன்று சொன்னார். அதே வியாழன், மாலை நாலு மணி. அரிசி மூட்டையோடு குமுளி ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தார். எதிரே தனியாக ஒரு கிழவி. மாடு இரண்டும் நின்றுவிட்டன.

"எங்க போறீக ஆத்தா? உங்க பேரென்ன?"

கிழவி யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள். உதடு இரண்டு தடவை அசைந்தது. பிறகு அவரைத் தாண்டி, கீழே ஒரு பாறை வளைவைப் பார்த்து இறங்கிப் போய்விட்டாள்.