‘ஓப்பன்’ என்ற சொல்லும் என் இரண்டு விரல்களும்

விசுவநாதன் சார், என் வலது கையில் இரண்டு விரல்கள் போனதற்குக் காரணம் நீங்கள். சுடலைமுத்து இல்லை.

யுத்த காலம். குர்லாவில் ஒரு துணி மில். அதன் கன்வெர்ட்டர் ரூமுக்கு நானும் சுடலையும் தாராவியிலிருந்து போவோம். நீங்கள் மாட்டுங்காவிலிருந்து வரும் சூப்பர்வைசர். இன்றைய பையன்களுக்காகச் சொல்கிறேன்: வெளியிலிருந்து வருவது ஏ.சி. கரண்ட். சரக்கு லிஃப்டுக்கு வேண்டியது டி.சி. ஏ.சி.யில் ஒரு மோட்டார் சுற்றும். கப்ளிங் போட்டு அதனுடன் இணைத்த டைனமோ டி.சி. கொடுக்கும்.

ஓட்டுவதற்கு ‘சாலு’, நிறுத்துவதற்கு ‘பந்த்’. அந்த இரைச்சலிலும் இவை எங்களுக்குத் தவறியதில்லை. நீங்கள் வந்து ‘க்ளோஸ்’, ‘ஓப்பன்’ என்றீர்கள். ஸ்விட்சை மூடினால் கரண்ட் பாயும், திறந்தால் அறுபடும். புத்தகப்படி சரிதான். ஆனால் கடையை க்ளோஸ் செய்தால் வியாபாரம் நிற்கும் என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

முதல் தடவை டைனமோ ஸ்விட்சை க்ளோஸ் பண்ணச் சொன்னீர்கள். சுடலை ஓடுகிற மோட்டாரையே நிறுத்திவிட்டான். நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை.

“சார், சாலு, பந்த்னே சொல்லுங்க. என்னைக்காவது ஆபத்தாயிரும்” என்றேன்.

“உங்க பஜார் பாஷையெல்லாம் தாராவியிலயே வெச்சுக்கோ” என்றீர்கள்.

சில நாளில் கப்ளிங் போல்ட் தளர்ந்து ஆடியது. மோட்டாரை நிறுத்தினோம். ஃப்யூஸைக் கழற்றுகிறேன் என்றேன். லிஃப்ட் நிற்கிறது, அதற்கெல்லாம் நேரமில்லை என்று விரட்டினீர்கள். கப்ளிங்குக்குள் கையை விட்டேன். மோட்டாரின் மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் சுடலை நின்றான். அது ஏற்கெனவே ஆஃபில்தான் இருந்தது. நீங்கள் பார்க்கவில்லை. வாசலில் நின்றபடியே, “டேய், மெயின் ஸ்விட்சை ஓப்பன் பண்ணு” என்று கத்தினீர்கள்.

சுடலை போட்டான். தண்டு சுற்றியது.

விசாரணைக்குக் கட்டுப்போட்ட கையோடு போனேன். சுடலை மேனேஜரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினான்.

“ஓப்பன்னுதான அண்ணாச்சி சொன்னாரு. கொழாயத் தொறந்தா தண்ணி வரத்தான செய்யும்?”

“ஓப்பன்னா கட் பண்றதுன்னு தெரியாதவனுக்கு இங்க என்ன வேலை?” என்றீர்கள் நீங்கள். இந்தக் குழப்பம் முன்பு வந்ததுண்டா என்று மேனேஜர் கேட்டார். இல்லை, யாரும் சொல்லவில்லை என்றீர்கள். நான் சொன்னேன் என்று கத்தினேன். வலியில் உளறுகிறான் என்று என்னை வெளியே அனுப்பினார்கள். சுடலைக்கு அன்றோடு வேலை போயிற்று. தாராவியில் அவனுக்கு இன்றும் ‘விரலெடுத்தான்’ என்றுதான் பெயர். அவன் பேரன் வரை அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பையன்களே, வாயால் சொன்னதை நம்பி மெஷினில் கை வைக்காதீர்கள். ஃப்யூஸைக் கழற்றி உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். எவன் விரட்டினாலும் சரி.

விசுவநாதன் சார், இப்போது மாட்டுங்காவில் எலக்ட்ரீஷியன் பையன்களுக்குப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறீர்களாம். அடுத்த கூட்டத்துக்குச் சுடலையை அழைத்து வருகிறேன். அன்று நான் உங்களை எச்சரித்தேனா, இல்லையா? அத்தனை பேர் முன்னாலும் மைக்கில் பதில் சொல்லுங்கள்.