பெயர் வைத்த பிறகு வெட்டலாம்

என் அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், தாவரப் பூங்காவின் கண்ணாடிக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகத் தோட்டக்காரர். மழைக்காட்டு மரங்கள் வளரும் கூடம் அது. உள்ளே போன ஐந்தாவது நிமிஷம் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் நிற்கும் மரத்தை விரல் நீளக் கன்றிலிருந்து வளர்த்தவர் அவர். அக்காவின் பிறந்தநாள் அவருக்கு மறந்துபோகும். அந்த மரம் தளிர்விட்ட தேதி மறக்காது.

அதன்மேல் ஒரு கொடி ஏறியது. கொடி என்றதும் அவரைக்கொடியை நினைத்துவிடாதீர்கள். தொடைப் பருமன், உருட்டுக்கட்டை உறுதி. உச்சிக்குப் போய்ப் படர்ந்து, வெயிலை முழுக்கத் தானே விழுங்கியது. வெட்ட அனுமதி கேட்டு அத்தான் மனு கொடுத்தார். மனு திரும்பி வந்தது. இந்த வகைக் கொடிக்கு அங்கீகரித்த பெயர் இல்லையாம், பெயரில்லாமல் படிவம் செல்லாதாம்.

பெயர் வைக்கக் குழு அமைத்தார்கள். ஐந்து அறிஞர்கள், குறிப்பெடுக்கப் பூங்கா அலுவலக எழுத்தனான நான். "வன்கொடி" என்றார் ஒருவர். "கொடிக்கு ஏதய்யா வன்மை? மரக்கொடின்னு வைங்க" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் "கட்டைக்கொடி" என்று சொல்லிவிட்டு, ஆமோதிக்க ஆளில்லாத கோபத்தில் இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. அட, பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்!

கூட்டம் நடக்கும்போதெல்லாம் அத்தான் பழுத்த இலைகளைத் தட்டில் ஏந்தி வந்து நிற்பார். "ஐயா, மரம் மூச்சு முட்டிச் சாகுது. முதல்ல வெட்டிடறேன், பேரை அப்புறம் வைங்க."

"பேரில்லாததை வெட்டினா, எதை வெட்டினோம்னு எப்படிப்பா எழுதுறது?" என்று கேட்டுவிட்டுப் பூங்கா இயக்குநர் என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன். வேலை போனால் எவன் சோறு போடுவான்?

மூன்றாம் வருஷம் வன்கொடி வென்றது. பெயர்ப்பலகை திறக்க விழா எடுத்தார்கள். வெட்டும் உத்தரவையும் அங்கேயே கொடுப்பதாக ஏற்பாடு.

இயக்குநர் அண்ணாந்து பார்த்துப் பூரித்துப்போனார். "மரம் எவ்வளவு செழிப்பா இருக்கு பாருங்க! இதுக்கா இந்த ஆளு இவ்வளவு அழுதாரு?"

அத்தான் ஏணியில் ஏறி ஒரு கிளையைப் பிடித்தார். மளுக்கென்று கையோடு வந்தது. இறங்கி, அதை இயக்குநர் கையில் வைத்தார்.

"இதுதாங்க மரம். செத்து ஒரு மாசமாச்சு. சொன்னேன், அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்னீங்க. பச்சையா தெரியறதெல்லாம் கொடியோட இலை. இனிமே அதை வெட்டவும் முடியாது. அது புடிச்சிருக்கறதாலதான் மரம் நிக்குது. விட்டா கண்ணாடியோட நம்ம தலையில விழும்."

அத்தான் அடிமரத்தைக் கட்டிக்கொண்டு, அத்தனை பெரிய மனுஷர்கள் முன்னால் ஓவென்று அழுதார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

இயக்குநர் என் பக்கம் குனிந்தார். "இதையெல்லாம் எழுதிடாதீங்க."

நான் எழுதவில்லை. 'விழா இனிதே நிறைவுற்றது' என்று எழுதி, கையெழுத்து வாங்கினேன்.